புவா கடைச் சாப்பாடு

பிப்ரவரி 11

சாப்பாட்டுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு எதிர்ச்சந்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. ஐந்து மேசை. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள், என் வயது இருக்கும். வாசலில் கரியடுப்பு, மேலே மூங்கில் குச்சியில் செருகிய மீன்கள். லாவோஸில் சோற்றை ஆவியில் வேகவைக்கிறார்கள். மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில் வருகிறது. பிசைய முடியாது, அவ்வளவு பசை. கிள்ளி, உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்ன வேண்டும். எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். இத்தனை நாள் பயணத்துக்குப் பிறகு கையால் சாப்பிட்டது நன்றாக இருந்தது.

சீனிராஜ் அண்ணாச்சி ஒரு உருண்டையோடு எழுந்துவிட்டார். "பையன் உள்ள என்னத்தத் திங்கிறானோ டீச்சர்" என்றார்.

கடையிலிருந்து பார்த்தால் கம்பெனி மதில் தெரிகிறது. மதிலுக்கு மேலே முள்கம்பி. அது வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதை அண்ணாச்சிதான் கவனித்துச் சொன்னார். கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் அடைத்துவைத்து, வெளிநாட்டுக்காரர்களிடம் போனில் பேசி ஏமாற்ற வைக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். அவருடைய மகன் நவநீதன் அதற்குள் இருக்கிறான். என் மகன் தீபனும்.

தீபன் முதலில் வந்தவன். ஏழெட்டு மாதம் கழித்து அவன் சொல்லித்தான் நவநீதன் வந்தான். சாத்தூரில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒன்றாகப் படித்தவர்கள். தீபாவளிக்கு நவநீதன் போன் செய்து, "அப்பா, என்னக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று அழுதிருக்கிறான். அதோடு சரி. அதன் பிறகு பேச்சில்லை.

தீபனும் பேசுவதில்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதாவது கூப்பிடுவான், இரண்டு நிமிஷம். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 12

காலையில் வாசலுக்குப் போனோம். அண்ணாச்சி தூதரகத்தில் கொடுத்த மனுவின் நகலை நீட்டினார். காவலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டார். அவனும் கும்பிட்டான். இங்கே வணக்கமும் நம்முடையது போலத்தான். ஆனால் கதவு திறக்கவில்லை.

மதியம் அதே கடை. அரிசிமாவில் செய்த தடித்த நூடுல்ஸ், கோழிச்சாறு. அண்ணாச்சியைக் கெஞ்சி அரைக் கிண்ணம் குடிக்க வைத்தேன். லேத்துப் பட்டறையில் இரும்பு கடைந்த கை அது. ஒரு கரண்டி சாற்றை வாய்க்குக் கொண்டுபோக அத்தனை நேரம் எடுக்கிறது.

பிப்ரவரி 14

புழுதி. துணி துவைத்தேன். அண்ணாச்சியின் சட்டையையும் சேர்த்து.

பிப்ரவரி 16

கடைக்கார அம்மாளின் பெயர் புவா. தாமரை என்று அர்த்தமாம், போனில் படம் காட்டினாள். அவள் தன் மொழியில் பேசினால் போன் தமிழில் சொல்கிறது. வானொலிச் செய்தி வாசிப்பது போன்ற குரல். "நீங்கள் துக்கமாக உண்கிறீர்கள். என் உணவு குற்றமா?" என்று கேட்டது. அண்ணாச்சி முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பையிலிருந்து நவநீதனின் போட்டோவை எடுத்துக் கொடுத்தார்.

புவா போட்டோவைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிக்கு மதியச் சாப்பாட்டுக் கூடைகள் இவள் கடையிலிருந்துதான் போகின்றன. கூடை வாங்க வாசலுக்கு வரும் பையன்களில் நவநீதனும் ஒருவன். போன் சொன்னது: "இந்த இளைஞன் ஒரு காலை இழுத்து நடக்கிறான். அவன் மிளகாயை நேசிக்கிறான். நான் அவனுக்கு மறைவாக மிளகாய் கொடுக்கிறேன்."

"காலுக்கு என்னம்மா ஆச்சு? கேளுங்க டீச்சர், காலுக்கு என்ன?"

புவா தன் முழங்காலில் கையால் இரண்டு முறை அடித்துக் காட்டினாள். இப்போது கொஞ்ச நாளாக அவன் வாசலுக்கு வரவில்லையாம்.

நான் தீபனின் போட்டோவைக் காட்டினேன். போன வருஷம் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பியது. புவா அதைக் கையில் வாங்கவில்லை. அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சைகை காட்டிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் எழும்வரை வெளியே வரவில்லை. அவளுக்குக் கிட்டப்பார்வை சரியில்லை என்று நினைக்கிறேன். கடையில் வெளிச்சமும் குறைவு.

பிப்ரவரி 17

தீபன் கூப்பிட்டான். அண்ணாச்சி குளிக்கப் போயிருந்தார். வராந்தாவின் கடைசிக்குப் போய்ப் பேசினேன்.

"யாரக் கேட்டும்மா இங்க வந்த? அவரையும் வேற கூட்டிட்டு வந்திருக்க. வாசல்ல போய் நின்னு கும்பிட்டீங்களாமே."

அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. குரலைக் கேட்ட சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"ஏய்யா, உன்ன ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்யா."

"வாரேன். அவரு இல்லாதப்ப வாரேன்."

பிப்ரவரி 19

அண்ணாச்சியை மாகாணப் போலீஸ் அலுவலகத்துக்கு மனுவோடு அனுப்பிவைத்தேன். பஸ்ஸில் போக நாலு மணி நேரம். எனக்குக் கால்வலி என்று சொன்னேன். கால் வலிக்கத்தான் செய்தது.

தீபன் மதியம் வந்தான். வெள்ளைக் கார், கூட இரண்டு பேர். அவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. புவா கடையில் லாரிக்காரர்கள் இரண்டு மேசை நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தீபன் உள்ளே வந்ததும் எழுந்துபோய்விட்டார்கள். ஒருவன் பாதி மீனை அப்படியே விட்டுப் போனான்.

பிள்ளை சதை போட்டிருக்கிறான். கழுத்தில் செயின். முன்பல் இரண்டும் புதிதாகக் கட்டியது. தலையைக் கோதினேன், தட்டிவிடவில்லை. புவாவின் முகத்தைப் பார்க்காமலே, அவளிடம் அவள் மொழியிலேயே என்னென்ன வேண்டும் என்று சொன்னான். வாழையிலையில் வேகவைத்த மீன், கொத்துக்கறியில் எலுமிச்சையும் வறுத்தரைத்த அரிசியும் போட்டுக் கிளறியது, பப்பாளிக்காய் இடித்தது. புவா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்திவந்து, குனிந்து வைத்தாள். எங்களுக்கு வைக்கும்போது அப்படிக் குனிய மாட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

தீபன் நன்றாகச் சாப்பிட்டான். மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தான்.

"நவநீதன் எங்கய்யா?"

"மொதல்ல சாப்பிடு."

"அவரு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்காருய்யா. அவன் எங்க?"

"நான் எத்தன தடவ சொன்னேன் அவன்ட்ட. ஒழுங்கா வேலயப் பாருலே, ஒரு நாளைக்கு இத்தன பேருன்னு குடுத்த கணக்க முடிச்சிருலேன்னு. கேக்கல. ஓடப் பாத்தான். ஓடப் பாத்தா சும்மா விடுவாங்களா? எனக்கு மேல இருக்கவன் என்னயத்தான கேப்பான்?"

"உனக்குக் கீழயா இருந்தான்?"

அவன் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வந்த புதுசுல எனக்கும் அடிதாம்மா. பல்லு எப்படிப் போச்சுன்னு நெனச்ச? உனக்குப் பதிலா ஒருத்தனக் கொண்டாந்தா உன்ன விட்டிருவோம்னாங்க. வேற யாரு நான் கூப்பிட்டா வருவா? அவந்தான் வந்தான்."

"அப்புறம் ஏன் நீ வரல?"

"அப்ப விடல. இப்ப விடுவாங்க. இப்ப நான் வெளிய வரலாம், போகலாம். ஊருக்கு வந்து என்ன செய்ய, சொல்லு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னோடு வந்துவிடு, இப்படியே வந்துவிடு என்று சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"சரிம்மா. ரெண்டு நாள் பொறு. வெளிய வந்திர்றேன், ஒன்னாப் போவோம். ஆனா அவருக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிஞ்சா போலீஸுக்குப் போவாரு, என்னயத்தான் பிடிப்பான். நவநீதனப் பர்மாப் பக்கம் வேற கம்பெனிக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லு. ஊருக்கு அனுப்பிரு."

அவன் போன பிறகு கணக்குக் கேட்டேன். புவா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மேசையை மூன்று முறை துடைத்தாள்.

இரண்டு நாளில் வந்துவிடுவான். வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பிப்ரவரி 20

அண்ணாச்சி காய்ச்சலோடு திரும்பி வந்தார். மனுவை வாங்கிவைத்துக்கொண்டார்களாம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விடுதியில் ஒரு இந்தியப் பையனைப் பார்த்ததாகவும் அவன் சொன்னதாகவும் சொன்னேன்.

"பர்மாவா? அப்ப உசுரோட இருக்கான்ல டீச்சர்? அது போதும். காச்சல் விடட்டும், நான் போறேன். ஆத்தத் தாண்டுனா பர்மாதானாமே."

"ரெண்டு நாள் பொறுங்க அண்ணாச்சி" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 21

வெள்ளிக்கிழமை. அண்ணாச்சிக்குக் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனேன். புவா அரிசியைக் குழைய வேகவைத்து இஞ்சி போட்டுக் கொடுத்தாள். பிறகு வாசல் தட்டியை இழுத்து மூடிவிட்டு, போனை எடுத்து மெதுவாகப் பேசினாள். அது தமிழில் சொன்னது:

"என் தங்கை நகர மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். அங்கே பெயர் இல்லாத இந்திய இளைஞன் படுத்திருக்கிறான். அவன் உயரத்திலிருந்து குதித்தான். கம்பெனி கார் அவனை வாசலில் போட்டுச் சென்றது. அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். நான் பயப்படுகிறேன். ஆகவே நீங்கள் சொல்லுங்கள்."

பெயர் இல்லாத இந்தியன் என்றால் எந்த ஊர்க்காரனோ. இங்கே இருக்கும் இந்தியப் பையன்கள் ஒருவரா இருவரா. போன் எதையாவது மாற்றிச் சொல்லியும் இருக்கலாம். மிளகாயை நேசிக்கிறான் என்று சொன்ன போன்தானே.

தீபன் நாளைக்கு வந்துவிடுவான். அவன் வந்ததும் முதல் காரியமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடலாம். ஒரு நாள்தானே.

அண்ணாச்சி கஞ்சி முழுவதும் குடித்தார்.

பிப்ரவரி 22

காலையிலிருந்து புவா கடையில் வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். டீ குடித்தேன். மதியம் சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. மறுபடியும் டீ. தீபனுக்கு அடித்தால் போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது. வெள்ளைக் கார் ஒன்று சந்தைக் கடந்து போனது, நிற்கவில்லை.

புவா ஒவ்வொரு முறை என்னைத் தாண்டிப் போகும்போதும் நின்று பார்த்தாள். கடைசியில் கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்தை, போன் இல்லாமல், கேட்டாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் விளங்கியது. சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 23

தீபன் வரவில்லை.

அண்ணாச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் குளித்து, திருநீறு பூசி, நன்றாகப் பசிக்கிறது என்று என்னோடு கடைக்கு வந்தார். பர்மாவுக்குப் போக வழி விசாரிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே சோற்றுக் கூடையைத் திறந்தார். புவா அவரைப் பார்த்தாள். மகன் ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்த அப்பா இப்படி உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா? என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அவள் போனை எடுப்பதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரில ஒரு பையன் இருக்கானாம். புவா இப்பத்தான் சொன்னா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திருவோம்."

இப்பத்தான் என்று சொன்னேன்.

புவா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கூடைகள் ஏற்றும் தொட்டிவண்டியை மோட்டார் சைக்கிளில் மாட்டி எங்களை ஏற்றிக்கொண்டாள். அண்ணாச்சி கையில் சோற்று உருண்டை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அதைக் கீழே போடவுமில்லை, வாயில் போடவுமில்லை.

நவநீதன்தான்.

விடியற்காலையில் போய்விட்டானாம். உடம்பு இன்னும் கட்டிலில்தான் இருந்தது. புவாவின் தங்கை சொன்னதைப் போன் தமிழில் சொன்னது, நேற்றுச் சாயங்காலம்கூடக் கஞ்சி கொடுத்தாளாம், நாலு கரண்டி குடித்தானாம், கண் திறந்து யாரையோ தேடினானாம். அண்ணாச்சி அவன் காலைத்தான் முதலில் தொட்டார். முழங்காலுக்குக் கீழே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 25

இங்கேயே எரித்தோம். கோவில் பிக்குகள் ஓதினார்கள். புவா வெள்ளைத் துணியும் பூவும் கொண்டுவந்தாள். அண்ணாச்சி கொள்ளி வைத்தார். நான் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 26

அண்ணாச்சி தானாகவே, "வாங்க டீச்சர், சாப்பிடப் போவோம். நீங்களும் ஒன்னும் திங்கல" என்றார்.

புவா வழக்கமான மேசையில் சோறும் சுட்ட மீனும் வைத்தாள். சாம்பல் கட்டிய சின்ன மண்கலயத்தை அண்ணாச்சி மடியிலேயே வைத்திருந்தார். ஒரு உருண்டை தின்றார். பிறகு சொன்னார்.

"நான் யோசிச்சுட்டேன் டீச்சர். நான் ஊருக்குப் போகல. நம்ம தீபன் இன்னும் உள்ளதான இருக்கான். எம்புள்ளய மீட்க முடியல. அவனயாவது மீட்டிருவோம். நீங்க வெறுங்கையோட போகக்கூடாது. நான் இருக்கேன், அந்த வாசல்ல போய்ப் படுத்துக்கிடுறேன். என்ன செஞ்சிருவான்?"

 தண்ணீர் குடித்தேன். புவா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாங்கள் பேசுவது புரியாது.

சொல்லிவிட்டேன். தீபன் வந்ததை, இந்த மேசையில் சாப்பிட்டதை, தான் தப்ப நவநீதனைக் கூப்பிட்டதை, நவநீதன் அவனுக்குக் கீழே வேலை பார்த்ததை. பர்மா என்பது பொய் என்பதை. ஆஸ்பத்திரி விஷயத்தை. நான் சொல்லி முடித்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"ஆஸ்பத்திரில இருக்கான்னு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"சனிக்கிழமை சாயங்காலம் கஞ்சி குடிச்சிருக்கான்."

"ஆமா அண்ணாச்சி."

"கண்ணத் தொறந்து பாத்திருக்கான்."

 அவர் கலயத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. கடையின் மறுமூலையில் சுவரைப் பார்த்த மேசையில் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவருடைய தட்டும் சோற்றுக் கூடையும் என் முன்னால் இருந்தன. புவா வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

பிப்ரவரி 27

மாகாணப் போலீஸ் அலுவலகம். அண்ணாச்சி முன்சீட்டில், நான் பஸ்ஸின் கடைசியில். மொழிபெயர்க்க ஒரு வாத்தியாரை வைத்திருந்தார்கள். நவநீதனை இங்கே வரவழைத்தது யார், அவனுக்கு மேலாளாக இருந்தது யார் என்று கேட்டார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் சொன்னேன். அங்க அடையாளம் பெற்றவளுக்குத்தானே தெரியும். இடது விலாவில் மச்சம், முன்பல் இரண்டும் கட்டியவை. போட்டோவையும் கொடுத்தேன். அண்ணாச்சி வெளியே பெஞ்சில் இருந்தார். கையெழுத்துப் போடும்போது கை நிதானமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது தீபன் கூப்பிட்டான்.

"நாளைக்குக் கண்டிப்பா வந்திர்றேம்மா. சாப்பிட்டியா?"

"இனிமேத்தான். நவநீதன் செத்துட்டான்யா. உம்பேர எழுதிக் குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "அம்மா" என்றான், சின்ன வயதில் கூப்பிடுவது மாதிரி. பிறகு வைத்துவிட்டான். நான் திருப்பி அடிக்கவில்லை.

பசித்தது. இத்தனைக்குப் பிறகும் பசிப்பது வெட்கமாக இருந்தது. கடைக்குப் போனேன். அண்ணாச்சி மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் கலயம். நான் வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். புவா அவருக்குச் சோறு வைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டு, எனக்கும் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை. நானே திறந்து சாப்பிட்டேன்.